பெயர் வைக்காத மகள்

படகுக்காரன் யோஸ்ட்டின் மகள் செத்துப் பிறந்தாள். மூன்றாம் நாள் மதியம் மூச்சு விட ஆரம்பித்தாள். அதன் பிறகு ஞானஸ்நானமும் பெயரும் இல்லாமல் பதினோரு வருடம் எங்கள் நெஸ்ஸல்வில் ஊரில் வளர்ந்தாள். செத்துப் பிறந்த பிள்ளை மூச்சு விட்டதில் எங்களுக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. அது வாடிக்கைதான். ஊருக்கு மேலே குன்றின்மேல் இருந்த மாதா கோவிலுக்கு அப்படிப்பட்ட பிள்ளைகளை நாலா பக்கத்திலிருந்தும் கொண்டுவருவார்கள். ஞானஸ்நானம் பெறாமல் போன பிள்ளைக்கு மோட்சமும் கிடையாது, நரகமும் கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் ஒரு முழம் மண்ணும் கிடையாது. வேலிக்கு வெளியே கொண்டுபோய்த்தான் புதைக்க வேண்டும். அதனால் பெற்றவர்கள் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கூடையில் வைத்துக்கொண்டு குன்று ஏறுவார்கள். அங்கே ஓட்டிலியா என்ற பெண் இரண்டு கரியடுப்புகளுக்கு நடுவில் பிள்ளையைக் கிடத்திச் சூடு காட்டுவாள். உதட்டின்மேல் ஒரு வாத்து இறகை வைப்பாள். இறகு அசைந்ததும் "வந்துடுச்சு சாமி" என்பாள். சாமியார் சிப்பியில் தண்ணீர் மொண்டு, பெயரைக் கேட்டு, மூன்று தடவை ஊற்றி, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிப்பார். சொல்லி முடித்ததும் பிள்ளை மறுபடி செத்துப்போகும். கோவில் சுவரோரம் புதைப்பார்கள். பெற்றவள் நிம்மதியாக அழுதுகொண்டு இறங்கிப் போவாள். நல்ல வருடமென்றால் அறுபது எழுபது பிள்ளைகள் இப்படி வந்துபோனதுண்டு.

பெர்ன் நகரத்தில் பண்டிதர்கள் மூன்று வாரம் வாதாடி, பூசையும் வேண்டாம், கோவிலில் சிலைகளும் சுரூபங்களும் வேண்டாம் என்று முடிவு கட்டினார்களே, அந்தக் குளிர்காலத்தில் யோஸ்ட்டின் மனைவி அப்பலோனியாவுக்குப் பிரசவம் ஆனது. அவள் சந்தையில் மீன் விற்றவள். அவள் வாய்க்குப் பயந்து பேரம் பேசாமல் வாங்கிப் போனவர்களில் நானும் ஒருவன். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் பிறந்த முதல் பிள்ளை அழவில்லை என்றதும் ஒரு நாள் முழுக்கப் பேச்சில்லாமல் கிடந்தாள். மறுநாள் எழுந்தாள். பிள்ளையைக் கூடையில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு, முழங்கால் அளவு பனியில், பிரசவித்த உடம்போடு குன்று ஏறினாள். யோஸ்ட் கரிமூட்டையைச் சுமந்துகொண்டு பின்னால் போனான். அங்கே அவர்களுக்கு முன்னால் ஐந்து கூடைகள் காத்திருந்தன. முறை வருவதற்கு மறுநாள் மதியம் ஆகிவிட்டது. ஓட்டிலியா சூடு காட்டினாள். இறகு அசைந்தது. சாமியார் தண்ணீர் மொண்டு, "என்ன பேரும்மா?" என்று கேட்டார். அப்பலோனியா வாயைத் திறக்கவும் கதவில் கோடாரி விழவும் சரியாக இருந்தது.

வந்தவர்கள் அந்நியர்கள் அல்ல. எங்கள் ஊர்ச் சபை அனுப்பிய தச்சர்கள், தோல் பதனிடுகிறவர்கள், கசாப்புக்காரர்கள். அவர்களில் பாதிப் பேருடைய பிள்ளைகள் அந்தச் சுவரோரத்தில்தான் கிடந்தார்கள். கூச்சப்பட்டதாலோ என்னவோ, அளவுக்கு மீறிச் சத்தம் போட்டு உடைத்தார்கள். மாதாவின் சுரூபத்தைக் கயிறு கட்டிச் சாய்த்தார்கள். அது விழுந்த அதிர்ச்சியில் சாமியார் கையிலிருந்த சிப்பி நழுவியது. கோவில் தரை வாசல் பக்கம் சரிவானது. கழுவிவிட்டால் தண்ணீர் தானாக வாசலுக்கு ஓடும். அன்றைக்குச் சிந்திய தண்ணீர் வாசலுக்குப் போகவில்லை. மேட்டில் ஏறி, கல்லிடுக்குகளில் நெளிந்து, பிள்ளை கிடந்த பக்கமாக வந்தது. அந்தத் தண்ணீரைக் கேட்டு வாங்கத்தான் அப்பலோனியா மலை ஏறி வந்தாள். ஆனால் அதற்குள் பிள்ளையை வாரித் தோளில் போட்டிருந்தாள், பிள்ளையின் மூச்சு அவள் கழுத்தில் பட்டுவிட்டது. அவ்வளவுதான். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.

"அடியே, தண்ணிய வாங்காம எங்கடி ஓடுற?" என்று ஓட்டிலியா கத்தினாள். "அது தண்ணிக்காக வந்த உசுருடி! ஊத்துனா போயிடும், ஊத்தலன்னா இங்கயே நிக்கும்!"

"நிக்கட்டும்!" என்று அப்பலோனியா திரும்பிப் பார்க்காமலே சொன்னது வெளியே விறகு அடுக்கிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது. சுரூபங்களை எரித்த தீ மூன்று நாள் எரிந்தது. சாமியார் பழைய மதத்து மலைநாட்டுக்குப் போய்விட்டார். ஓட்டிலியா மட்டும் ஊரில் கொஞ்ச நாள் இருந்து, தான் சொன்னதையே கேட்டவர்களுக்கெல்லாம் திருப்பித் திருப்பிச் சொல்லிவிட்டுச் செத்துப்போனாள். ஊர் அதை நம்பியது. மதம் மாறலாம், இறகு அசைந்தது அசைந்ததுதான்.

அந்தப் பெண் எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் வளர்ந்தாள். பல் முளைத்தது, தத்தித் தத்தி நடந்தாள், அம்மாவின் வாயை அப்படியே உரித்து வைத்திருந்தாள். ஞானஸ்நானம் இல்லாததால் பெயர் இல்லை. வீட்டில் குட்டி என்று கூப்பிட்டார்கள், ஊரும் அப்படியே கூப்பிட்டது. உடம்பில் மட்டும் சொந்தச் சூடு கிடையாது. அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்தால் அடுப்பின் சூடு, கல்லின்மேல் உட்கார்ந்தால் கல்லின் குளிர். கூந்தலில் விழுந்த பனி உருகவே உருகாது, அப்பலோனியா துடைப்பத்தால் தட்டிவிடுவாள். இதெல்லாம் பழகிவிட்டது. தண்ணீர்தான் பழகவில்லை.

முதல் வருடம் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்த குவளைத் தண்ணீர் பிள்ளை இருந்த பக்கமாகச் சாய்ந்து நின்றது. மூன்றாம் வருடம் அவள் தெருவில் போனால் மாட்டுத் தொட்டிகள் ஒரு பக்கமாக வழிந்தன. ஐந்தாம் வயதில் அவள் எட்டிப் பார்த்தபோது சந்தைக் கிணறு விளிம்புவரை ஏறி வந்து நின்றது. அப்பலோனியா அவளைத் தூக்கிக்கொண்டு போனதும், ஏமாந்த முகத்தோடு இறங்குகிற ஆள்போல மெதுவாக இறங்கியது. அன்றிலிருந்து அந்த வீட்டில் தண்ணீருக்குத் தடை. பிள்ளையைத் தவிட்டாலும் சாம்பலாலும் தேய்த்துத் துடைத்தார்கள். குடிக்கப் பால், தின்ன கறுப்பு ரொட்டியும் உலர்ந்த பேரிக்காயும். பால் சாயவில்லை. ஒயினும் சாயவில்லை. ஒருமுறை அவள் சாராயக் கடையைத் தாண்டிப் போனபோது உள்ளே எல்லார் குவளையிலும் பீர் தெருப்பக்கம் சாய்ந்ததாம். அதில் எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறது என்று குடித்தவர்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைக்காரர் ஒரு மாதம் வெளியே தலைகாட்டவில்லை. ஊர் சிரித்தது. ஆனால் மோர்லா ஆறு அந்த வீட்டுப் பக்கத்துக் கரையை வருடத்துக்கு நாலடி தின்றுகொண்டிருந்ததைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. யோஸ்ட் மூன்று தடவை வீட்டைப் பிரித்துப் பின்னால் தள்ளிக் கட்டினான். வெயில் காயும் நாளில்கூட அந்த ஒரு கூரைமேல் மட்டும் மழை பெய்யும். ஜன்னல் இடுக்குகளை அப்பலோனியா மெழுகு வைத்து அடைத்தாள்.

தண்ணீரோடு சேர்த்து அந்த வார்த்தைகளையும் சொன்னால்தான் ஞானஸ்நானம்; வெறும் தண்ணீர் கொல்லாது என்று யோஸ்ட் சொல்லிப் பார்த்தான். தண்ணீருக்கு அந்த வார்த்தைகள் தெரியாதென்று உனக்கு யார் சொன்னது என்று அவள் கேட்டாள். இன்றுவரை அதற்கு யாரிடமும் பதில் இல்லை.

சாமியார் போன இடத்துக்குச் சபை ஒரு போதகரைக் கொண்டுவந்தது. காஸ்பர் என்று பெயர். பாஸல் நகரத்தில் படித்தவர், நல்ல மனிதர். பஞ்சத்தில் தன் வீட்டு மாவை அள்ளிக் கொடுத்தவர். கெட்டவராக இருந்திருந்தால் இவ்வளவு கஷ்டம் வந்திருக்காது. இறகை அசைத்தது கரியடுப்பின் அனல்தான், மூச்சு அல்ல; தண்ணீர் வெறும் அடையாளம்தான், அதில் சக்தி எதுவும் இல்லை என்று அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் பிரசங்கம் செய்தார். ஆனால் அந்த அடையாளத்தை எல்லாப் பிள்ளைக்கும் செய்தே ஆகவேண்டும் என்பதிலும் அதே உறுதியோடு இருந்தார். ஏனென்றால் அந்த வருடங்களில் மறுமுழுக்குக்காரர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். குழந்தைக்கு ஊற்றுவது செல்லாது, வளர்ந்த பிறகு தானாகக் கேட்டு வாங்குவதுதான் ஞானஸ்நானம் என்பது அவர்கள் கட்சி. கொட்டகைகளிலும் காட்டிலும் கூடிப் பேசினார்கள். தண்ணீரால் பாவம் செய்தவர்களுக்குத் தண்ணீராலேயே தண்டனை என்று சபை சட்டம் போட்டது. மூன்று முறை கேட்பார்கள்; மூன்று முறையும் மறுத்தால் கையைக் காலோடு பிணைத்து, கல்லைக் கட்டி, ஆற்றின் நடுவில் இறக்குவார்கள். அதற்கு வெளியூரிலிருந்து ஒரு ஆள் வருவான். படகு மட்டும் யோஸ்ட்டுடையது. அவன் சபையின் சம்பளக்காரன். நாலு வருடத்தில் ஏழு பேரை அவன் படகில்தான் கொண்டுபோனார்கள். முதலில் ஒரு கூடை முடைகிறவனும் அவன் மனைவியும். கடைசியாக எலும்பும் தோலுமான ஒரு நெசவாளி. அவன் படகில் உட்கார்ந்துகொண்டு யோஸ்ட்டைப் பார்த்து, "துடுப்பு வலிக்கிறதுல தோளு வலிக்குமே, கொஞ்சம் இளைப்பாறிக்கோ தம்பி" என்றானாம். அன்றைக்கு வீட்டு வாசலில் நின்று யோஸ்ட் "நான் துடுப்புதான் போட்டேன்" என்றான். "சட்டையக் கழட்டிட்டு உள்ள வா" என்றாள் அப்பலோனியா.

குட்டிக்குப் பதினோரு வயது ஆனபோது போதகர் ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் ஞானஸ்நான நாளையும் ஒரு புதிய ஏட்டில் எழுத ஆரம்பித்தார். தெருத் தெருவாக வந்து, படகுக்காரன் வீட்டில் நின்றார். கூரையிலிருந்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு ஏட்டைத் திறந்தார். குட்டியின் வயதைக் கேட்டார். பெயரைக் கேட்டார்.

"பேரு இல்லீங்கய்யா. வச்சா செத்துருவேனாம்" என்று குட்டியே சொன்னாள். "உங்களுக்கு எழுதணும்னா குட்டின்னு எழுதிக்கோங்க."

போதகர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். கை சில்லிட்டதும் இழுத்துக்கொண்டார். பிறகு அப்பலோனியாவைப் பார்த்து, "அம்மா, நாஞ் சொல்றதக் கேளு. உம் பொண்ணு பொறக்கும்போதே உசுரோடதான் இருந்திருக்கா. அந்தக் கோவில் பொம்பள உன்ன ஏமாத்தியிருக்கா. தண்ணி யாரையும் கொல்லாது" என்றார்.

"ஏழு பேரு ஆத்துல கெடக்காங்களேய்யா" என்றாள் அப்பலோனியா. "அவங்களக் கொன்னது எது, தவிடா?"

அவர் முகம் சிவந்தது. ஆனாலும் பொறுமையாகவே பேசினார். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுக்கிறவர்களைச் சபை மறுமுழுக்குக்காரர்கள் என்றுதான் எடுத்துக்கொள்ளும், உயிர்த்த ஞாயிறுவரை தன்னால் தள்ளிப்போட முடியும், அதற்கு மேல் முடியாது என்றார். அவள் நல்லதுக்குத்தான் சொல்வதாகவும் சொன்னார். அது பொய்யில்லை.

அன்றிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் ஒரே சண்டை. பழைய மதத்து நாட்டுக்கு ஓடிவிடலாம் என்றான் யோஸ்ட். அங்கே சாமியார் எல்லையிலேயே சிப்பியோடு நிற்பான் என்றாள் அவள். மறுமுழுக்குக்காரர்களோடு கிழக்கே போய்விடலாம் என்றான். அவர்களும் ஒருநாள் ஊற்றத்தான் போகிறார்கள் என்றாள். எந்தப் பக்கம் போனாலும் ஒரு கிண்ணம் தண்ணீர் காத்திருந்தது. கடைசியில் அவன், "போதகர் படிச்சவரு. அவரு சொல்றதுதான் சரியோ என்னவோ. ஒருவேள ஒண்ணும் ஆகாதுடி" என்றான். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒருவேளையா? உன் ஒருவேளைக்கு எம் புள்ளைய ஊத்திப் பாக்கச் சொல்றியா? யோவ், அந்த இறகு அசைஞ்சப்ப நீ எங்க இருந்த? வெளிய கரி உடைச்சிக்கிட்டு இருந்த. நான் பாத்தேன்யா." யோஸ்ட் அழுதான். அழுதுவிட்டு உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள் சபைக்குப் போய், தனக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். தாங்கள் இருவரும் சாவதைவிட ஒருவராவது பிழைக்கட்டும் என்று நினைத்தானா, அல்லது பயந்துதான் போனானா என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். அப்பலோனியா கையெழுத்துப் போடவில்லை. அவளைப் பிடித்து வாயிற்கோபுரத்தில் அடைத்தார்கள். சபை கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளைக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டும். பெற்றவள் பெயர் சொல்லாமல் போதகர் ஊற்றமாட்டார். அது அவர் வைத்துக்கொண்ட ஒழுங்கு. அவள் ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஊரில் அவள் அவ்வளவு நாள் பேசாமல் இருந்தது அதுவே முதல் தடவை.

பத்தாம் நாள் காலையில் அவளை ஆற்றுக்குக் கொண்டுவந்தார்கள். நானும் கரையில் நின்றேன். நின்றதற்காக இப்போது வெட்கப்படுகிறேன், அப்போது படவில்லை. படகை யோஸ்ட்தான் ஓட்ட வேண்டும் என்று சபை சொன்னது. வேறு யாரும் துடுப்பைத் தொட மாட்டேன் என்றுவிட்டார்கள். அவனும் ஏறினான். நடு ஆற்றில் தண்ணீரைப் பார்த்ததும் அவள் ஒரு பெயரைச் சொல்லிவிடுவாள் என்று நம்பினான். எல்லாரும் அப்படித்தான் நம்பினோம், போதகரும்கூட. அதனால்தான் அவர் கரையில் ஒரு கிண்ணத்தில் தண்ணீரை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் குட்டியின் தோளைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார். பெயர் காதில் விழுந்ததும் ஊற்றி முடித்துவிட்டால் அப்பலோனியாவை உடனே அவிழ்த்துவிடலாம் என்பது அவர் எண்ணம். அவள் ஒரு நொடிகூட அதிகமாகக் கஷ்டப்படக் கூடாது என்று நினைத்திருக்கிறார்.

வெளியூர் ஆள் முதல் தடவை கேட்டான். அவள் இல்லை என்றாள். கல்லைக் கட்டிவிட்டு இரண்டாம் தடவை கேட்டான். இல்லை என்றாள். யோஸ்ட் துடுப்பைப் போட்டுவிட்டு, "சொல்லுடி, ஏதாவது ஒரு பேரச் சொல்லித் தொலைடி!" என்று அலறியது கரைக்குத் தெளிவாகக் கேட்டது. இந்தப் பக்கம் கிண்ணத்துத் தண்ணீர் விளிம்பைத் தாண்டிக் குட்டியின் பக்கமாக நிமிர்ந்து நின்றது. குட்டி அண்ணாந்து அவரைப் பார்த்தாள்.

"ஐயா, ரெண்டு கையாலயும் புடிங்க. சிந்திடும்" என்றாள்.

அவர் பிடித்தார். தோளிலிருந்து கை எடுபட்டதும் குட்டி திரும்பி நடந்தாள். ஓடவில்லை, நடந்தாள். எங்களுக்கு நடுவில் புகுந்து, உப்புக் கிடங்கைத் தாண்டி, குன்றுப் பாதையில் ஏறினாள். முதலில் கிண்ணம் காலியானது. பிறகு கரையோரத்துத் தண்ணீர் படியேறியது. பிறகு மோர்லா ஆறு தன் படுக்கையை விட்டு எழுந்து, தெருவை நிறைத்துக்கொண்டு, எங்கள் முழங்கால்களை உரசியபடி, யாரையும் கீழே தள்ளாமல், அவள் பின்னால் போனது. ஆறு போய் முடிய ஒரு மணி நேரம் ஆனது. படகு சேற்றில் உட்கார்ந்தது. வெளியூர் ஆள் மூன்றாம் தடவை கேட்க வேண்டியதைக் கேட்காமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் நடந்து அக்கரைக்குப் போய்விட்டான். அவனை மறுபடி நாங்கள் பார்க்கவில்லை. யோஸ்ட் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தான். அன்றைக்கு மீன் இலவசம். பெண்கள் பாவாடை மடியில் அள்ளினார்கள். அள்ளிக்கொண்டே நடு ஆற்றுக்கு வந்தவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். ஏழு பேரும் அங்கே இருந்தார்கள். கல் கட்டியபடி, உட்கார்ந்த நிலையில், அழுகாமல், கண்களைத் திறந்து ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெசவாளியின் வாய் பேசப்போவதுபோல லேசாகத் திறந்திருந்தது. மீனை எல்லாரும் அங்கேயே கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனோம். சபை மூன்று நாள் கூடிப் பேசியும் முடிவெடுக்க முடியாததால் போதகர் தனியாளாக மண்வெட்டியை எடுத்து ஏழு குழி வெட்டினார். அதற்குப் பிறகும் அவர் இருபது வருடம் பிரசங்கம் செய்தார். தண்ணீரைப் பற்றி மட்டும் பேசுவதை விட்டுவிட்டார்.

மாவு மில் நின்றது, தோல் பதனிடும் தொட்டிகள் காய்ந்தன. சபை இரண்டு பேரைக் குதிரையில் அனுப்பியது. ஞானஸ்நானம் வேண்டாம், ஏட்டில் ஒரு வரி காலியாக விட்டுவிடுகிறோம், ஆற்றைத் திருப்பிக் கொண்டுவந்தால் போதும் என்று சொல்லியனுப்பியது. அவர்கள் குட்டியை மூன்றாம் நாள் ஒரு பீச் மரக்காட்டில் பிடித்தார்கள். அவள் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். ஆறு அவளுக்கு நாற்பது அடி பின்னால் வந்துகொண்டிருந்தது.

"எங்கம்மாவ அவுத்து விட்டீங்களா?" என்று நடந்துகொண்டே கேட்டாள்.

"விட்டாச்சும்மா."

"அப்ப சரி. என்னால திரும்ப முடியாதுண்ணே, பின்னாடி பாருங்க. ரொட்டி இருந்தா குடுங்க. அப்புறம்... நான் எப்படித் தூங்கறது?"

குதிரைக்காரர்கள் அந்தக் கேள்வியைத்தான் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அப்பலோனியா அதைக் கேட்டு முடிப்பதற்குள் எழுந்துவிட்டாள். யோஸ்ட் படகின் பலகைகளைப் பிரித்து, சக்கரம் இரண்டு மாட்டி ஒரு கைவண்டி செய்தான். சபையில் யாரும் தடுக்கவில்லை. அவர்கள் இருவரும் வண்டியை இழுத்துக்கொண்டு காய்ந்த ஆற்றுப் படுக்கை வழியாகப் போனார்கள். ஆறு ஓடிய சுவட்டைப் பிடித்துக்கொண்டே போய், அது வளைந்த இடத்தில் குறுக்கு வழியில் முந்தி, அவள் நடக்கத் தொடங்கிய ஆறாம் நாள் மகளைக் கண்டார்கள். ஆறு நாள் தூங்காமல் நடந்தவள் வண்டியைப் பார்த்ததும் ஏறிப் படுத்துக்கொண்டாளாம். யோஸ்ட் இழுத்தான். அப்பலோனியா வண்டியின் பக்கத்தில் நடந்துகொண்டே மகளின் பாதத்தைத் தன் பாவாடை நுனியால் துடைத்துவிட்டாள். இதை நான் பார்க்கவில்லை, ஆனால் இப்படித்தான் நடந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அது நடந்து முப்பத்திரண்டு வருடம் ஆகிறது. எங்கள் ஆற்றுப் படுக்கையில் இப்போது முட்டைக்கோஸ் போட்டிருக்கிறார்கள், நன்றாக வருகிறது. தண்ணீரே காணாத மேட்டு ஊர்களில் ஆறு புகுந்து புது மில்கள் வந்துவிட்டன. அவர்கள் மோர்லாவைத் தங்கள் ஆறு என்று சொல்லிக்கொள்கிறார்கள், சொல்லட்டும். ஆறு வரப்போகும் கிராமங்களில் ஒரு வாரம் முன்னதாகவே விசாரித்து வைக்கோல் போர்களை நகர்த்திக்கொள்கிறார்கள். பாதையோரம் ரொட்டியும் தைத்த செருப்பும் வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். யோஸ்ட் பதினான்காம் வருடம் வண்டியை இழுத்துக்கொண்டிருந்தபோதே குப்புற விழுந்து செத்தான். குழி வெட்ட நேரமில்லை. கல்லை அடுக்கிவிட்டு நடந்தார்கள், அவன்மேல் ஆறு போனது. தான் போன பாதையெல்லாம் பின்னால் தண்ணீராக இருப்பதால் அந்தப் பெண் அதைக் கடந்து திரும்பி வர முடியாது. மேற்கே மலை, வடக்கே ஏரி. நடப்பதற்கு அவளுக்கு மிச்சமிருக்கும் நிலம் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகிறது என்று கழுதையில் உப்பு கொண்டுபோகும் வியாபாரிகள் கணக்குப் பார்த்துச் சொல்கிறார்கள். அவர்கள் சென்ற அறுவடையின்போது அவளைப் பார்த்திருக்கிறார்கள். நாற்பத்துமூன்று வயது, கூந்தலில் போன குளிர்காலத்துப் பனி அப்படியே இருக்கிறது. இப்போது வண்டியை இழுப்பது அவள்தான். வண்டியில் அப்பலோனியா கிடக்கிறாள், கால் விளங்கவில்லை, கண்ணும் சரியாகத் தெரிவதில்லை. பகலில் சில நேரம் மட்டும் கீழே இறங்கி, வண்டியைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டித் தள்ளுகிறாள், அந்த நேரத்தில் மகள் வண்டியில் சுருண்டு தூங்கிக்கொள்கிறாள். அது முன்பு அரை நாளாக இருந்தது, இப்போது ஒரு மணி நேரமாம். ஆறு பின்னால் நெருங்கிவிட்டது என்றும், தாங்கள் எட்டு வைத்து அளந்ததில் ஏழு அடி இருந்தது என்றும் வியாபாரிகள் சொன்னார்கள்.

அப்பலோனியா அடிக்கடி தலையைத் தூக்கி, "குட்டி, தண்ணி எவ்வளவு தூரத்துல வருது?" என்று கேட்கிறாளாம்.

மகள் திரும்பிப் பார்ப்பதில்லை. "நாப்பது அடி இருக்கும்மா. நீ தூங்கு" என்கிறாளாம்.

சத்தம் எவ்வளவு கிட்டத்தில் கேட்கிறது என்பது படகுக்காரன் பெண்டாட்டிக்குத் தெரியாமல் இருக்காது. சரி என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்துக்கொள்கிறாள்.